வீட்டில் கட்டிய மூன்று சக்கர வண்டி மக்கர் பண்ணினால்

சோழவந்தானுக்கு எதிர்க்கரையில், தென்கரையில் என் மாமாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. 2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாமாவின் முழங்காலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கூடையைத் தலையில் வைத்து வரப்பில் நடக்க முடியாமல் போனதும், சமயநல்லூரில் என் வீட்டு வாசலில் வைத்து அவருக்கு ஒரு மூன்று சக்கர மின்வண்டி கட்டினேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் கேட்க, இன்னும் இரண்டு. கட்டியது மூன்று வண்டிதான். ஆனால் "மாப்ள, வண்டி நிக்குதுடா" என்று போன் வந்து ஓடியது எத்தனை தடவை என்று கணக்கில்லை. அந்த ஓட்டத்தில் தெரிந்துகொண்டதை, வண்டி என்ன செய்கிறது என்பதை வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

என் வண்டியின் அமைப்பு: முன்னால் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் ஃபோர்க்கும் ஒரு சக்கரமும். பின்னால் 25 மில்லி ஷாஃப்ட், அதைத் தாங்கும் பிளம்மர் பிளாக் பேரிங், இரண்டு சக்கரம். அதில் வலது சக்கரத்துக்கு மட்டும் செயின் இழுவை. 48 வோல்ட், 1000 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார், அதற்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் பெட்டி, 12 வோல்ட் ஈய அமில பேட்டரி நான்கு. உடல் ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாய். உங்களுடையது பெட்ரோல் இன்ஜின் என்றால் மின்சாரப் பகுதிகளைத் தாண்டிவிட்டு, செயினில் இருந்து படியுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 250 வாட்டுக்குக் கீழ், 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழ் இருந்து, அதை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனமும் உறுதி செய்தால்தான் மின்வண்டிக்குப் பதிவிலிருந்து விலக்கு. 1000 வாட் வண்டியை ரோட்டில் இறக்கினால், மதுரையில் 58, 59, 64 எந்த ஆர்டிஓ எல்லையாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த மூன்றும் சொந்தக் காட்டுக்குள் மட்டும் ஓடுகிற வண்டிகள்.

கை வைக்கும் முன்

பின் சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஹாலோ பிளாக் வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் உடையும். மோதிரம், கைச்செயின், இரும்பு வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்பார்கள். ஷாக்கை விடுங்கள், என் பயம் வேறு. ஒருநாள் 10-ம் நம்பர் ஸ்பேனர் கை தவறி பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். ஸ்பேனரின் வாய் பாதி உருகி, இன்றைக்கும் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அன்றிலிருந்து ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் பேட்டரிப் பக்கம் போகிறேன்.

தேவையானவை: சாதாரண மல்டிமீட்டர், நாலு குண்டூசி, கொத்தனார் நூல், தூக்குக்குண்டு. அவ்வளவுதான்.

1. சாவி போட்டும் உயிரே இல்லை

விளக்கும் இல்லை, மீட்டர் முள்ளும் எழவில்லை. பேட்டரி செத்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டுவது இங்கேதான். நான்கும் ஒரே ராத்திரியில் செத்துப்போவது அபூர்வம்.

முதலில் எம்சிபி, அதாவது கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச், விழுந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் பேட்டரியிலிருந்து பேட்டரிக்குப் போகும் இணைப்புக் கம்பிகளின் நட்டு ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். வரப்பில் குலுங்கிக் குலுங்கி நட்டு தளர்வதும், அதன் அடியில் வெள்ளையாகப் பூத்துக்கொள்வதும் சகஜம். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். பாதி வண்டிகள் இதிலேயே எழுந்துவிடும்.

எழவில்லையா? மீட்டரை 200 வோல்ட் டிசியில் வைத்து, கருப்பு முனையைக் கடைசி பேட்டரியின் மைனஸில் நிறுத்திவிட்டு, சிவப்பு முனையோடு வழி நெடுக நடங்கள்: பேட்டரி பிளஸ், எம்சிபிக்கு உள்ளே போகும் முனை, வெளியே வரும் முனை, கண்ட்ரோலரின் தடித்த சிவப்பு ஒயர், சாவிக்குப் போகும் மெல்லிய ஒயர், சாவியிலிருந்து திரும்பும் ஒயர். நன்றாக சார்ஜ் ஆன வண்டியில் 50 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஓரிடத்தில் 50 காட்டி அடுத்த இடத்தில் பூஜ்யம் என்றால் நோய் அந்த இரண்டுக்கும் நடுவில்.

இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. ஒயர் முழுக்க அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 50 என்றே காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டே இழுப்பதில்லை. அதனால் முன்விளக்கைப் போட்டுக்கொண்டே அளந்து பாருங்கள். விளக்கு போட்டதும் வோல்டேஜ் படுத்துக்கொண்டால், அந்த ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையத்தை (லக்) வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். கட்டிங் பிளையரால் நசுக்கியது லக் ஆகாது. கிரிம்பிங் டூல் இல்லையென்றால் பேட்டரிக் கடையிலேயே அடித்து வாங்குங்கள்.

இணைப்பு கொடுக்கும்போது "டப்" என்று ஒரு பொறி வரும். கண்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் நிரம்புகிறது, பயப்பட வேண்டாம்.

2. விளக்கு எரிகிறது, சக்கரம் அசையவில்லை

எனக்கு வந்த போன்களில் அதிகம் இதுதான். முதலில் சாவியை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சைக்கிள் போல ஃப்ரீவீல் போட்டவர்கள் மோட்டாரின் பல்சக்கரத்தை (ஸ்பிராக்கெட்) சுற்றிப் பார்க்க வேண்டும். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

லேசாகச் சுற்றுகிறது

பிரேக் பிடியில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். பிரேக் பிடித்தால் மோட்டாரை அணைப்பது அதன் வேலை. அதற்குள் மண் போய் அமுங்கியபடியே நின்றுவிட்டால், நீங்கள் எப்போதும் பிரேக் பிடித்திருப்பதாகவே கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். அந்தச் சுவிட்சின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். ஓடிவிட்டதா? நூறு ரூபாய்க்குள் முடிந்தது வேலை. முதல் தடவை இது தெரியாமல் கண்ட்ரோலரையே மாற்றினேன். புதுக் கண்ட்ரோலரும் ஓடவில்லை. மாமா திண்ணையில் உட்கார்ந்து, "என்னடா மாப்ள, புதுசுக்கும் அதே சீக்கா?" என்றார். இரண்டாயிரத்துச் சொச்சம் தண்டம். பிளக்கைக் கழற்றியது சோதிக்க மட்டும். சுவிட்ச் மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

அடுத்தது ஆக்சிலேட்டர். மூன்று ஒயர் வரும்: சிவப்பு 5 வோல்ட், கருப்பு, மூன்றாவது சிக்னல். பிளக்கைக் கழற்றாமல், பின்பக்கமாகக் குண்டூசியைச் செருகி அதில் மீட்டர் முனையை வையுங்கள். சிவப்பில் 5 வோல்ட்டுக்கு ஒட்டி இருக்க வேண்டும். சிக்னல் ஒயரில் சும்மா இருக்கும்போது 0.8 போல, முழுக்கத் திருகினால் 3.5-க்கு மேல். திருகத் திருகச் சீராக ஏற வேண்டும். ஏறாமல் 0.8-லேயே நின்றால் ஆக்சிலேட்டர் போய்விட்டது. 5 வோல்ட்டே வரவில்லை என்றால், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் ஒரே 5 வோல்ட்தான். ஹால் பக்கம் ஒயர் நசுங்கி ஷார்ட் ஆனால் ஆக்சிலேட்டருக்கும் வராது. கழற்றியும் வரவில்லை என்றால் கண்ட்ரோலர்.

இறுக்கமாக, வெட்டி வெட்டிச் சுற்றுகிறது

மோட்டாரிலிருந்து வரும் மூன்று தடித்த ஒயர்களை (மஞ்சள், பச்சை, நீலம்) கண்ட்ரோலரிலிருந்து பிரித்து, ஒன்றோடொன்று தொடாமல் வைத்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது லேசானால் கண்ட்ரோலருக்குள், மோட்டாருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் மாஸ்ஃபெட் வெந்துவிட்டது. அப்போதும் இறுக்கமென்றால் மோட்டாருக்குள் ஒயர் ஷார்ட், அல்லது பேரிங் பிடித்திருக்கிறது.

உறுதிப்படுத்த, பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு, மீட்டரை டயோடு குறியில் வையுங்கள். சிவப்பு முனை கண்ட்ரோலரின் மைனஸில், கருப்பு முனை கண்ட்ரோலர் பக்கத்து மூன்று தடித்த ஒயரிலும் (பேஸ் ஒயர்) மாறி மாறி. மூன்றும் 0.5 போல ஒரே மாதிரி காட்ட வேண்டும். பிறகு கருப்பு முனையைக் கண்ட்ரோலரின் பிளஸில் வைத்து, சிவப்பால் மூன்றையும் தொடுங்கள். எதிலாவது பூஜ்யம் வந்தால் கண்ட்ரோலர் மாற்ற வேண்டியதுதான். பலகையைச் சரிசெய்து தருகிறவர்கள் டவுனில் இருக்கிறார்கள். ஆனால் சரிசெய்தது மறுபடி போகும்போது, கூடவே மோட்டார் ஹாலையும் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். நான் புதிதுதான் போடுகிறேன். மோட்டாருக்குள் கோளாறு என்றால் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் காந்தம் விரலை நசுக்கும். காயில் கட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பாவமன்னிப்பு. இரண்டாவது வண்டியின் கண்ட்ரோலர் போனதற்கு நான்தான் காரணம். கூடை மாட்டும் கொக்கி ஒன்று ஒட்டுவதற்காக, எதையும் கழற்றாமல் உடம்பில் வெல்டிங் வைத்துவிட்டேன். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் கண்ட்ரோலர் பிளக் அத்தனையையும் பிரித்துவிடுங்கள். சின்ன ஒட்டு என்றாலும் சரி.

3. கிளம்பும்போது உதறுகிறது, கரகரக்கிறது

கால் இடித்த மாடு மாதிரி துள்ளித் துள்ளி நிற்கும். லேசாகத் தள்ளிவிட்டால் ஓடும். பெரும்பாலும் ஹால் சென்சார் சமாச்சாரம்.

மழை பெய்ததா, நேற்று வண்டியைக் கழுவினீர்களா என்று முதலில் யோசியுங்கள். கொடிக்காலில் எந்நேரமும் ஈரம். ஹால் பிளக்குக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பிளக்கைப் பிரித்து உதறி, வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். சரியாகிவிட்டால், மறுபடி மாட்டும்போது ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே கொண்டுவாருங்கள். தண்ணீர் ஒயர் வழியே இறங்கி அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. ஐப்பசி மழையில் இந்த வளைவு செய்கிற வேலையை எந்த டேப்பும் செய்வதில்லை.

காய்ந்தும் உதறினால், சாவி போட்டபடி ஹால் பிளக்கின் பின்னால் குண்டூசி செருகி, கருப்புக்கும் மஞ்சளுக்கும், பிறகு பச்சைக்கும், பிறகு நீலத்துக்கும் இடையே அளந்துகொண்டே சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொன்றும் பூஜ்யம், 5, பூஜ்யம், 5 என்று மாறி மாறித் தாவ வேண்டும். எது தாவாமல் ஒரே இடத்தில் நிற்கிறதோ அந்த ஹால் போய்விட்டது, அல்லது அதன் ஒயர் அறுந்துவிட்டது. ஷாஃப்ட் பக்கத்தில் ஒயர் வெளியே வரும் இடத்தில்தான் அறுபடும், அங்கே முதலில் தடவிப் பாருங்கள். ஹால் மலிவான பொருள்தான். ஆனால் மோட்டாரைத் திறந்து, பழையதைப் பெயர்த்து, அதே திசையில் ஒட்ட வேண்டும். கை நடுங்காதவர் செய்யலாம்.

புதுக் கண்ட்ரோலர் மாட்டிய அன்றே உதறுகிறது என்றால் ஹாலைச் சந்தேகிக்காதீர்கள். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் சரியாக இருக்கும் என்பதில்லை. கண்ட்ரோலரில், ஒயர்களின் சரியான சேர்க்கையைத் தானே கற்றுக்கொள்ளும் ஒயர் ஜோடி இருந்தால் அதைச் சேர்த்து, சக்கரம் தானாகச் சுற்றி முடிந்ததும் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்று பேஸ் ஒயரை ஆறு விதமாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் லேசாக மட்டும் திருகுங்கள். சரியான சேர்க்கையில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும், கரண்டும் சில ஆம்பியர்தான் இழுக்கும்.

4. கையை எடுத்தும் நிற்கவில்லை

இதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆக்சிலேட்டரின் கருப்பு ஒயர் அறுந்தால் சிக்னல் மேலே ஏறி, வண்டி முழு வேகத்தில் பாயும். மாமாவின் வண்டி ஒருமுறை இப்படிப் பாய்ந்து அகத்திக் காலில் மோதி நின்றது. நல்லவேளை, கொடிக்காலில் முட்டுவதற்கு அகத்தி இருந்தது.

ஆக்சிலேட்டர் பிடி கையுறையிலோ கூடையிலோ உரசி நிற்கிறதா, ஸ்பிரிங் திருப்பி இழுக்கிறதா பாருங்கள். பிறகு ஹேண்டிலை முழுக்க இடமும் வலமும் திருப்பிக்கொண்டே, சிக்னல் ஒயரில் வோல்டேஜைப் பாருங்கள். திருப்பும்போது தாவினால், ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பக்கம் ஒயர் இழுபடுகிறது. ஒயரை நீளமாக்கி, ஆக்சிலேட்டரையும் மாற்றிவிடுங்கள். அதோடு, கை எட்டும் இடத்தில் சிவப்பு நிற அவசர சுவிட்ச் ஒன்றைச் சாவி ஒயரில் சேருங்கள். இப்போது மூன்று வண்டியிலும் அது இருக்கிறது. பிரேக் சுவிட்சைக் கழற்றியே ஓட்டாதீர்கள் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

5. ஏற்றத்தில் நின்றுவிடுகிறது

கால்வாய்க் கரை மேலே ஏறும் சரிவுதான் எங்கள் சோதனைச் சாலை. நின்ற வண்டி மறுபடி எப்படிக் கிளம்புகிறது என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

சாவியை அணைத்துப் போட்டால் உடனே கிளம்புகிறது

பேட்டரி. சுமையில் வோல்டேஜ் 42-க்குப் பக்கத்தில் இறங்கியதும் கண்ட்ரோலர் வெட்டிவிடுகிறது, ஓய்வு கொடுத்தால் மீண்டும் ஏறுகிறது. நான்கில் ஒன்றுதான் குற்றவாளியாக இருக்கும். நிற்கும்போது அளந்தால் நான்கும் 12.6 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். சரிவில் ஏறும்போது, ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கூடவே நடந்து ஒவ்வொரு பேட்டரியாக அளக்க வேண்டும். நாலு ஏற்றம், நாலு அளவு. மற்றவை 11.8-ல் நிற்க, ஒன்று மட்டும் 10-க்குக் கீழே போனால் அதுதான். தண்ணீர் ஊற்றும் வகையென்றால் டிஸ்டில்ட் வாட்டர் குறைந்திருக்கிறதா பாருங்கள். சித்திரை வெயிலில் மாதம் இருமுறை பார்க்க வேண்டும். மட்டம் சரியாக இருந்தும் படுத்தால் மாற்றுங்கள். நான்கும் ஒரு வருடத்துக்குள் வாங்கியது என்றால் ஒன்றை மட்டும் மாற்றலாம். இரண்டு வருடம் ஓடிய மூன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தால், பழையவை புதியதையும் சீக்கிரம் கிழமாக்கிவிடும். அங்கே கையைக் கடித்தாலும் நான்கையும் மாற்றுவதே மலிவு.

பத்துப் பதினைந்து நிமிடம் ஆறினால்தான் கிளம்புகிறது

சூடு. கண்ட்ரோலர் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். அதை சீட்டுக்கு அடியில் பெட்டி போட்டு மூடி வைத்திருந்தால் அதுவே காரணம். வெளியே எடுத்து, அலுமினியத் தகட்டின் மேல், காற்றுப் படும்படி மாட்டுங்கள், மேலே மழைக்கு ஒரு தகரம் போதும். மோட்டார் கை வைக்க முடியாமல் சுட்டால் பல் கணக்கு தப்பு. நான் பின் ஸ்பிராக்கெட்டை 28 பல்லிலிருந்து 36-க்கு மாற்றினேன். வேகம் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைந்தது. மாமா பத்து நாள் முனகினார். மோட்டார் அதற்குப் பிறகு சுடவில்லை.

தட்டினால், உலுக்கினால் கிளம்புகிறது

எங்கோ லூஸ் கனெக்ஷன். ஏற்றம் ஏறி இறங்கிய கையோடு, சாவியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு லக்கின் இன்சுலேஷன் மேலேயும் புறங்கையால் தடவுங்கள். எது சுடுகிறதோ அதுதான். எம்சிபியும் சுடலாம். வீட்டு ஏசி கரண்டுக்கு விற்பதை இதில் போட்டால், அணைக்கும்போது பொறி அணையாமல் உள்ளே கருகும். டிசி எம்சிபி என்று கேட்டு வாங்குங்கள், பிளஸ் மைனஸ் குறி பார்த்து மாட்டுங்கள்.

6. மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சும்மா இருக்கிறது, செயின் கழலுகிறது

ஸ்பிராக்கெட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில், இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் கீ என்ற இரும்புத் துண்டு தேய்ந்து சிதறியிருக்கும், அல்லது ஸ்பிராக்கெட்டை ஷாஃப்டில் பிடித்துவைக்கும் குருப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். சாக்பீஸால் ஷாஃப்டிலும் ஸ்பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் கீதான். கீயை ஆணி அறுத்துச் செய்யாதீர்கள், ஒரு வாரம் வராது. லேத் பட்டறையில் கொடுத்தால் அளவாக அறுத்துத் தருவார்கள். கீ உட்காரும் பள்ளமே அகன்றுவிட்டால் ஷாஃப்டும் பட்டறைக்குப் போக வேண்டும். ஜெய்ஹிந்துபுரத்துப் பட்டறையோ, புதூர் சிட்கோவோ, உங்களுக்குத் தெரிந்த இடமே நல்லது.

செயின் கழன்று விழுவதற்கு முதல் காரணம் தொய்வு. நடுவில் விரலால் அழுத்தினால் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் போகலாம், அதற்கு மேல் கூடாது. சரிசெய்தும் விழுந்தால், இரண்டு ஸ்பிராக்கெட்டின் முகத்திலும் ஒரு நேரான அலுமினியப் பட்டையை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் படிந்து உட்கார வேண்டும். வெறும் வண்டியில் படிந்து, ஆள் ஏறி உட்கார்ந்ததும் விலகினால் மோட்டார் மாட்டிய தகடு வளைகிறது. மூன்று மில்லித் தகட்டை ஆறாக்குங்கள்.

7. ஒரு பக்கம் இழுக்கிறது, கை நடுங்குகிறது

எப்போது இழுக்கிறது என்பதே கேள்வி. திருகும்போது மட்டும் இழுத்து, கையை விட்டு உருளவிட்டால் நேராகப் போகிறதா? ஒரு சக்கரத்துக்கு மட்டும் இழுவை கொடுத்த வண்டியின் சுபாவம் அது. வலது சக்கரம் தள்ளினால் மூக்கு இடப்பக்கம் போகும். இரண்டு பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் போட்டால்தான் தீரும். தோட்டத்துக்குள் ஓட்ட அது தேவையில்லை.

சும்மா உருளும்போதும் இழுத்தால்: காற்று பார்த்தாயிற்றா? பின் பிரேக் ஒரு பக்கம் உரசுகிறதா? தூக்கி நிறுத்திச் சுற்றினால் தெரிந்துவிடும். இரண்டும் சரியென்றால் நூல் பிடியுங்கள். முன் ஃபோர்க்கின் கழுத்து நடுவிலிருந்து இடது பின் ஷாஃப்ட் முனைக்கு ஒரு அளவு, வலது முனைக்கு ஒரு அளவு. என் முதல் வண்டியில் வித்தியாசம் 14 மில்லி! வெல்டிங் ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு போனதில் குழாய் இழுத்துக்கொண்டது. பிளம்மர் பிளாக் ஓட்டையை நீள்வட்டமாக ராவி, ஷாஃப்டைத் தள்ளி நேராக்கினேன். 3 மில்லிக்குள் இருந்தால் விட்டுவிடலாம். ரோட்டோரச் சரிவில் இடப்பக்கம் கொஞ்சம் சாய்வது வண்டியின் குற்றமில்லை.

ஹேண்டில் நடுங்கினால் கோன் செட்டை, அதாவது கழுத்துக்குள் இருக்கும் பேரிங்கைப் பாருங்கள். முன் பிரேக் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் "டக் டக்" கேட்கும். முடுக்கியும் நடுக்கம் போகாவிட்டால் கழுத்துச் சாய்வில் கோளாறு. கழுத்துக் குழாயின் நேர்கோட்டில் ஒரு நூலைத் தரை வரை இழுங்கள். சக்கரத்தின் நடு அச்சிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் தரையைத் தொடும் இடம், குண்டு காட்டும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் கழுத்தை வெட்டி ஒட்டவேண்டும். அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் வெல்டிங் பார்த்தவரிடம் கொடுங்கள்.

8. வளைவில் உள் சக்கரம் தூக்குகிறது

இதற்கு ரிப்பேர் கிடையாது, பாரத்தை இடம் மாற்றுவதுதான். பேட்டரி சீட்டுக்கு அடியில் உயரமாக இருந்தால் தரைப் பக்கம் இறக்குங்கள், பின் ஷாஃப்டுக்குச் சற்று முன்னால். நெல் மூட்டை போடும் தராசில் ஆளோடு முன் சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள், மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் சரி. ரொம்பக் குறைந்தால் கால்வாய்ச் சரிவில் முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஆள் ஏறும்போது இருந்ததைவிடச் சுமை ஏற்றியதும் மோசமானால் கூடையை உயரமாக அடுக்குகிறீர்கள்.

9. பிரேக் நிற்கவில்லை

லைனர் தேய்ந்ததா, கேபிள் நீண்டதா, சைக்கிள் கடைக்காரரே பார்த்துவிடுவார். நான் சொல்ல வந்தது வேறு: முன் பிரேக்கை மட்டும் நம்பியிருந்தால் ஈர வரப்பில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு நேராகப் போகும். பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், ஒரே பிடியில் இரண்டு கேபிளும் சமமாக இழுக்கும்படி நடுவில் தராசுக் கட்டை போல ஒன்று. அப்புறம், நிறுத்திவைக்க ஒரு பூட்டு பிரேக். மூன்று சக்கரம் என்பதால் சாயாது, ஆனால் சரிவில் தானாக உருளும்.

10. கழுத்துப் பக்கம் பெயிண்ட் வெடித்திருக்கிறது

பெயிண்டில் முடி போல ஒரு கோடு, அதன் ஓரத்தில் துருக் கறை. கீறலா, வெறும் பெயிண்டா? மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் சுத்தமாகத் துடையுங்கள். பிறகு அதன் மேல் சாக்பீஸைப் பொடித்துத் தூவுங்கள். கீறல் இருந்தால் உள்ளே ஒளிந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் இருண்ட கோடு ஒன்று எழும். மாமா இதை முதன்முதலில் பார்த்தபோது கைரேகை பார்ப்பவர் மாதிரி குனிந்து, கோடு எங்கே முடிகிறது என்று விரலால் காட்டினார். நான் பார்த்ததைவிட ஒரு இஞ்ச் தள்ளி முடிந்தது. அவர் காட்டியதுதான் சரி.

பின்பக்கக் கூடைச் சட்டத்தில் கீறல் என்றால், இரண்டு முனையிலும் 3 மில்லி ஓட்டை போட்டு, ராவி, வெல்டிங் வைத்து, மேலே முக்கோணத் தகடு ஒட்டலாம். கழுத்திலோ ஷாஃப்ட் தாங்கியிலோ என்றால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். மேலே ஒரு ஒட்டு வைத்து ஓட்டுவது ஆளைக் கீழே போடும். குழாயையே மாற்ற வேண்டும், அது தேர்ந்த வெல்டர் வேலை.

11. வாடை, உப்பல், புகை

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் எம்சிபியை அணைத்துவிட்டு, ஆறும் முன்னே எது சுடுகிறது என்று தேடுங்கள், ஆறிய பிறகு கண்டுபிடிக்க முடியாது. சார்ஜ் போடும்போது அழுகிய முட்டை வாடை அடித்தால் பேட்டரி அளவுக்கு மேல் கொதிக்கிறது. சார்ஜரைச் சுவரில் அணையுங்கள், கதவு சன்னலைத் திறங்கள், பீடிக்காரர்களை வெளியே அனுப்புங்கள். ஆறியபின் சார்ஜர் முனையை அளந்து பாருங்கள், 48 வோல்ட் ஈய பேட்டரிக்கு 59-க்கு மேல் போனால் சார்ஜர் கெட்டது. பக்கவாட்டில் வயிறு தள்ளிய பேட்டரியை வீட்டில் திறக்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். நெட்டுக்குத்தலாக வைத்து, கவிழாமல் கட்டி, பேட்டரிக் கடையில் கொடுத்தால் எடை போட்டுப் பழைய ஈயத்துக்கு விலை தருவார்கள். போன தடவை கிடைத்த பணத்தில் மாமாவுக்குப் புதுப் பிரேக் சுவிட்ச் இரண்டு வாங்கிவைத்திருக்கிறேன்.